ட்ரெய்லர் இழுக்கும் கனரக பிக்கப்புக்கு எந்த டயர், எந்த வீல்?

பெரிய டயரும் அகலமான அலாய் வீலும் போட்டால் இழுவை நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. உயரமான டயர் என்றாலே இன்ஜினுக்குச் சுமை கூடும்.

முதலில் பின் அச்சின் எடையைப் பாருங்கள். சாதாரணக் கொக்கியில் ட்ரெய்லர் எடையின் 10 முதல் 15 சதவீதம் வண்டி மேல் இறங்கும். 4,000 கிலோ ட்ரெய்லருக்கு 400 முதல் 600 கிலோ. கொக்கி அச்சுக்குப் பின்னால் இருப்பதால் பின் அச்சில் அதைவிடவும் கூடுதலாக அழுத்தும். ஆட்கள், சாமான், ட்ரெய்லர் எல்லாவற்றோடும் எடைமேடையில் பின் அச்சை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம் அந்த எடையை டயர் தாங்குமா என்று அதன் பக்கச்சுவரில் பாருங்கள். அதில் 'எல்டி275/70ஆர்18 125/122' என்று இருந்தால் ('எல்டி' என்றால் இலகு லாரி டயர், கடைசி இரண்டு எண்கள் சுமைக் குறியீடு), ஒற்றைச் சக்கரமாக 1,650 கிலோ, இரட்டைச் சக்கரத்தில் ஒவ்வொன்றும் 1,500 கிலோ தாங்கும். அதுவும் முழுக் காற்று இருந்தால்தான். 'லோடு ரேஞ்ச் ஈ' என்ற சுமைத் தரம் உள்ள டயருக்குப் பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும், வெயிலில் நெடுந்தூரம் போகும்போது வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். கார் டயர் வேண்டவே வேண்டாம்.

வீலில் பொறித்திருக்கும் தாங்குதிறன் அந்தச் சக்கரத்தில் இறங்கும் எடைக்கு மேல் இருக்க வேண்டும். வெளியே தள்ளி நிற்கும் வீல் பேரிங்கைத் தின்றுவிடும். புது வீல் மாட்டி 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் முறுக்கும் ரெஞ்ச்) மறுபடி முறுக்கிவிடுங்கள்.