ஹல்லா ரொட்டி: பிசைவதும் பின்னுவதும் (கேள்வி பதில்)

கே: யூதர்கள் சபாத் என்ற ஓய்வுநாள் விருந்துக்குச் சடைபோலப் பின்னிச் சுடற ஹல்லா ரொட்டிக்கு அளவு சொல்லுங்க. வீட்டில் சாதா மைதாதான் இருக்கு.

ப: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 165 மில்லி, முட்டை 2, கூடவே ஒரு மஞ்சள் கரு, வாசனையில்லாத எண்ணெய் 50 மில்லி, சர்க்கரை 60 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். இதில் நடுத்தர அளவு ரொட்டி இரண்டு வரும். பிரெட் மாவு என்றால் தண்ணீரை 15 மில்லி கூட்டுங்கள். 10-12 நிமிடம் பிசைந்தால் மாவு வழவழப்பாகி, கையில் ஒட்டாமல் வரும். தளர்ந்த மாவில் பின்னினால் சுடும்போது சடை கரைந்துவிடும். மூடி வைத்து, இரு மடங்காகப் பொங்க விடுங்கள். வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே போதும்.

கே: பால், வெண்ணெய் ஏன் இல்லை?

ப: யூதர்களின் உணவு விதிப்படி இறைச்சியோடு பால் பொருள் சேரக்கூடாது. வெள்ளி இரவுச் சபாத் விருந்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், அதனால் ரொட்டியில் எண்ணெய்தான். முட்டையையும் ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்ப்பார்கள். ரத்தப் பொட்டு இருந்தால் தள்ளிவிடுவார்கள்.

கே: மூணுகால் பின்னத் தெரியும். நாலுகால் எப்படி?

ப: ஒரு ரொட்டிக்குச் சுமார் 110 கிராம் வீதம் நாலு உருண்டை. உருட்டியதும் இழுத்தால் சுருங்கும். 10 நிமிடம் மூடி வைத்துவிட்டு, 35 செ.மீ. நீளத்துக்கு, நடு பருத்து முனை மெலிந்தபடி திரியுங்கள். பலகையில் மாவு தூவாதீர்கள், வழுக்கும். திரித்து முடித்த கால்கள்மேல் மட்டும் லேசாகத் தூவினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

நாலு முனையையும் சேர்த்து அழுத்துங்கள். இடமிருந்து 1, 2, 3, 4. முதலில் 4ஐ 2க்கு மேலே கொண்டுபோங்கள். அடுத்து 1ஐ 3க்கு மேலே. பிறகு 2ஐ 3க்கு மேலே. இதையே கடைசிவரை திரும்பச் செய்யுங்கள். எண் காலுக்கு அல்ல, இடத்துக்கு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு இடமிருந்து புதிதாக எண்ண வேண்டும். பலருக்கும் குழம்புவது இங்கேதான்.

கே: அடுப்பில் வைத்ததும் பக்கவாட்டில் பிளந்து, உள்ளே இருக்கிற வெள்ளை இழை தெரியுது. தலைமுடி மாதிரி இறுக்கித்தான் பின்னினேன்.

ப: அந்த இறுக்கம் ஒரு காரணம். பொங்க இடமில்லாத மாவு வலுவற்ற இடத்தில் கிழியும், தொய்வாகவே பின்னுங்கள். பெரிய காரணம், பின்னியபின் போதுமான நேரம் பொங்க விடாதது. முதல் பொங்கலைக் காட்டிலும் இதுதான் முக்கியம். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் கடிகாரத்தை நம்பவேண்டாம். விரலால் மெல்ல அழுத்துங்கள். குழி சட்டென மேலே வந்தால் இன்னும் ஆகவில்லை. மெதுவாக எழும்பி லேசான தடம் நின்றால் சுடலாம். எழும்பவே இல்லையென்றால் தாண்டிவிட்டது, ரொட்டி தட்டையாகும்.

முட்டைப் பூச்சு இரண்டு தடவை: பின்னியதும் ஒன்று, சுடுமுன் ஒன்று. பொங்கும்போது விரிந்து வெளிவரும் இடங்கள் இரண்டாவது பூச்சில்தான் நிறம் பிடிக்கும். எள்ளோ கசகசாவோ தூவுவதும் அப்போதே.

கே: மேலே கருகி உள்ளே வேகாமல் இருக்கு.

ப: சர்க்கரையும் முட்டையும் சீக்கிரம் சிவக்கும். 175-180 டிகிரி, கீழ்த்தட்டு, 25-30 நிமிடம். 20 நிமிடத்திலேயே நிறம் வந்துவிட்டால் மேலே அலுமினியத் தாள் போடுங்கள். உள்ளே 88-90 டிகிரி காட்டினால் வெந்தாயிற்று.

கே: எதற்கு இரண்டு ரொட்டி?

ப: பாலைவனத்தில் வெள்ளிக்கிழமை மட்டும், சபாத்துக்கும் சேர்த்து, மன்னா என்ற வானத்து உணவு இரட்டிப்பாகக் கிடைத்தது என்கிறது பைபிளின் யாத்திராகமம், அதன் நினைவு. ‘ஹல்லா’ என்பது முதலில் மாவிலிருந்து காணிக்கையாகப் பிரித்தெடுக்கும் துண்டின் பெயர். புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்குச் சடையை வட்டமாகச் சுருட்டி, உலர்திராட்சை சேர்ப்பதுண்டு.

கே: முதல் நாளே பிசைந்து வைக்கலாமா?

ப: தாராளமாக. பிசைந்ததும் எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் 8-12 மணி நேரம். குளிர்ந்த மாவு திரிக்கச் சுலபம். பின்னியபின் மட்டும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கொடுங்கள். அந்த விரல் குழிச் சோதனையே இங்கேயும்.