வாசகர் கேள்வி - பதில்: 5 பைசா அகதி வரி

கேள்வி: வீட்டுப் பழைய கடிதக் கட்டில் 1971 நவம்பர் 22 முத்திரையோடு ஒரு கவர் கிடைத்தது. வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் 5 பைசா குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை. அதன்மேல் ஊதா மையில் ‘ரெஃப்யூஜி ரிலீஃப்’ என்ற ரப்பர் முத்திரை. தலையை மட்டும் பிரித்து ஆல்பத்தில் வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து பிரிக்காதீர்கள். தண்ணீரில் போட்டால் அந்த ஊதா மை கரைந்து ஓடிவிடும். தலையோடு சேர்ந்து அதற்கான சாட்சியமும் போய்விடும்.

அந்த ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) ஏறக்குறைய 1 கோடிப் பேர் மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா பக்கம் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களின் நிவாரணத்துக்காக 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை, போஸ்ட்கார்டும் செய்தித்தாளும் நீங்கலாக எல்லாத் தபாலுக்கும் 5 பைசா கூடுதலாக வசூலித்தார்கள். இதற்காக இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் மேலச்சிட்ட 5 பைசா தலைகள் எல்லாத் தபால் நிலையங்களுக்கும் நேரத்தில் போய்ச் சேரவில்லை. அதனால் அந்தந்த ஊர் போஸ்ட்மாஸ்டர்களே கையிருப்புத் தலைகளில் முத்திரை குத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். அகதிகள் படம் போட்ட தனித்தலை டிசம்பர் 1-ல்தான் வந்தது.

ரப்பர் முத்திரையை யாரும் செய்துவிடலாம். ஆகவே தனித்தலையாக வருவதை நம்ப வேண்டாம். கவரில் மூன்றைப் பாருங்கள்: தபால் நிலைய முத்திரை பாதி தலையிலும் பாதி கவரிலும் விழுந்திருக்க வேண்டும்; அதன் கறுப்பு மை ஊதா மைக்கு மேலே ஓட வேண்டும், கீழே போனால் ஊதா முத்திரை பிற்பாடு குத்தியது; தேதி வரிக்காலத்துக்குள் இருக்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். உள்ளே கடிதம் இருந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் மையை இழுக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது.

கேள்வி: இந்தத் தலை ஒட்டிய கவர்களை ‘அகதி முகாம் கடிதம்’ என்று விற்கிறார்களே?

பதில்: தவறு. திருநெல்வேலியில் போட்ட கல்யாணப் பத்திரிகைக் கவரிலும் இதே 5 பைசா இருக்கும். அது வரி கொடுத்தவரின் தடயம், முகாமில் இருந்தவரின் தடயம் அல்ல. முகாம் தபால் என்பதற்கு முகவரியோ அனுப்புநர் பகுதியோதான் ஆதாரம்: கல்கத்தா சால்ட் லேக் போன்ற முகாமின் பெயர் எழுதியிருக்க வேண்டும், தபால் முத்திரை அந்த வட்டாரத்தோடு பொருந்த வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால், கசங்கிக் கிழிந்திருந்தாலும் விடாதீர்கள். இந்த அகதித் தலை இல்லாத போஸ்ட்கார்டாக இருந்தாலும் சரி. அதற்கு இந்த வரி கிடையாது.