அழுதால் அவிசுவாசமா, ஐயா?

26 வருஷம் ஆஸ்பத்திரி ஊழியத்தில் இருந்தேன். கட்டில் ஓரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: 4 வயது மகனைப் பறிகொடுத்தேன். "அவன் பரலோகத்தில்தானே இருக்கிறான், அழுதால் அவிசுவாசம்" என்கிறார்கள் சபையார். நான் அழுவது தப்பா, ஐயா?

தப்பே இல்லை, மகளே. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். அதைவிடப் பெரிய விசுவாசத்தையா உன்னிடம் கேட்கிறார்கள்? "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை. கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார் என்கிறது வெளிப்படுத்தல் 21. துடைக்க வேண்டுமென்றால் கண்ணில் நீர் இருக்க வேண்டுமே!

தாவீது ராஜா, தன் பிள்ளை இறந்தபின், "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றான். போவேன் என்கிற நிச்சயமும், திரும்பி வராது என்கிற வலியும் ஒரே மூச்சில் வருகின்றன. உனக்கும் அப்படித்தான் வரும். பையனுடைய சட்டையை எடுத்து வைத்திருந்தால் வைத்துக்கொள். யாருக்காவது கொடுத்துவிடு என்று அவசரப்படுத்துகிறவர்களுக்குச் செவிகொடுக்காதே.

கேள்வி: அங்கே ஒருவரையொருவர் அடையாளம் தெரியுமா?

தெரியும் என்றே நம்புகிறேன். உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோட்டக்காரன் என்று நினைத்த மரியாளுக்கு, "மரியாளே" என்று அவர் கூப்பிட்டதும் தெரிந்துவிட்டது.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். "என்னை எடுத்துக்கொள்ளும்" என்று தினமும் ஜெபிக்கிறார். பாவமில்லையா?

இல்லை, தம்பி. கிறிஸ்துவோடு இருக்க ஆசையுண்டு என்று பவுலே பிலிப்பியருக்கு எழுதினார். ஆனால் ஒன்று. வலியைத் தாங்கினால்தான் பரலோகத்தில் பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி தணிக்கும் சிகிச்சை தெரிந்த டாக்டரிடம் காட்டுங்கள். வலியைக் குறைக்க மார்ஃபின் மருந்து வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அவர் சொன்னபடி பயப்படாமல் கொடுங்கள். வலி குறைந்தால்தான் மனுஷனுக்கு ஜெபிக்கவே முடியும்.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் பறவைகளுக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள்.

கேள்வி: பரலோகத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்லியே எங்கள் தாத்தாமார் வாயை அடைத்தார்கள். எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் இருக்கிறது.

உங்கள் கோபம் நியாயம். அந்த நம்பிக்கையை அடுத்தவன் வாயை அடைக்க எடுத்தவன் கர்த்தருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக, அடிபட்டு நின்ற பெண்களில் பலர் பரலோகத்தை நம்பிய கிறிஸ்தவப் பெண்கள். அதற்காக அவர்கள் இங்கே பேசாமல் இருந்துவிடவில்லை. 1859இல் திருவிதாங்கூர் அரசாங்கம் இறங்கி வந்து, மார்பை மறைக்க அனுமதித்தது. பரலோக நகரத்தின் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை என்று ஞாயிறு தோறும் பிரசங்கம் கேட்டுவிட்டு, திங்கள்கிழமை சுவருக்கு வெள்ளையடிக்கிறோமே, என் நெஞ்சு கொதிக்கிறது. சுவரை இடிக்கச் சொல்லிக் கேளுங்கள். நானும் வந்து நிற்கிறேன்.

கேள்வி: சாகக் கிடக்கிறவரிடம் என்ன பேசுவது?

குறைவாகப் பேசுங்கள். என் மனைவி போகும் வாரத்தில் நீளமாக வாசித்தால் முகம் சுளிப்பாள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டு, "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்ற வரியை மட்டும் சொல்வேன். கடைசி ராத்திரி, பாதியில் நான் தொண்டை அடைத்து நிறுத்திவிட்டேன். கண்ணைத் திறக்காமலே "உண்டு" என்று அவள்தான் முடித்தாள்.