‘ஆம்பிவலன்ட்’ என்றால் அக்கறை இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: அலுவலகக் கடிதம் ஒன்றில், புதிய திட்டத்தைப் பற்றித் தாம் ‘ஆம்பிவலன்ட்’ஆக இருப்பதாக மேலாளர் எழுதியிருந்தார். ‘எனக்கு இதில் அக்கறை இல்லை’ என்று மொழிபெயர்த்தேன். தவறு என்கிறார்கள். எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: தவறுதான். ஆனால் ஆங்கிலத்திலேயே புழங்குகிறவர்களும் சறுக்குகிற இடம் இது, வருத்தப்படாதீர்கள். அக்கறை இல்லாதவருக்கு அந்த விஷயத்தில் எந்த உணர்வும் கிடையாது. உங்கள் மேலாளருக்கோ இரண்டு இருக்கின்றன, அதுவும் ஒன்றுக்கொன்று எதிரானவை. திட்டம் பிடித்தும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

1910 வாக்கில் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் ஜெர்மன் மொழியில் உருவாக்கிய சொல்லிலிருந்து வந்தது இது. ‘ஆம்பி’ என்றால் இருபுறமும். ‘வேலன்ட்’ என்பதில் இருப்பது வலிமை. வேதியியலில் இணைதிறன் என்று படித்தோமே, அந்த வேலன்சிக்கும் இதே வேர்தான். ஆக, இரண்டு பக்கமும் வலு. அந்த வலு தமிழில் வராவிட்டால் பொருள் கெட்டுவிடும்.

அதனால்தான் ‘அரைமனது’ சரிப்படாது. அதில் வலுவே பாதிதான். ‘மதில்மேல் பூனை’ முடிவு தெரியாத நிலையைச் சொல்வது, மேலாளருக்கு வைத்தால் கேலியாகவும் விழும். ‘இருதலைக்கொள்ளி எறும்பு’க்கோ இரண்டு பக்கமும் நெருப்புதான், பிடித்தது எதுவுமே இல்லை.

நற்றிணை 284ஆம் பாட்டைப் பாருங்கள். பொருள் தேடப் போன தலைவனை நெஞ்சு ‘அவளிடம் திரும்பு’ என்கிறது. அறிவு ‘எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இகழ்ச்சி, அவசரப்படாதே’ என்கிறது. நடுவில் அவன் உடம்பு, இரண்டு யானைகள் ஆளுக்கொரு முனையைப் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறாகக் கிடக்கிறது. பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அந்த உவமையே பெயராகி, தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகிவிட்டார். ஆம்பிவலன்ஸ் என்பது இந்தக் கயிறுதான்.

சரி, என்ன எழுதுவது? பேச்சில் ‘ரெண்டு மனசா இருக்கு’ என்கிறோம். எழுத்தில் ‘இருமனமாக இருக்கிறேன்’ போதும். ‘கலவையான உணர்வு’ என் காதுக்குக் கொஞ்சம் ஆங்கில வாடை, ஆனாலும் செய்தி நடையில் ஊன்றிவிட்டது. அதை ‘கலவையான விமர்சனம்’ என்பதோடு சேர்த்துவிடாதீர்கள். அங்கே சிலர் பாராட்டுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். இங்கே இரண்டும் ஒரே ஆளுக்குள் நடக்கின்றன. அப்புறம், ‘ஆம்பிகுவஸ்’ வேறு. அது பொருள் மயக்கம், வாக்கியத்துக்கு வருவது.

நான் செய்வது, கடிதத்தில் அந்த வரிக்கு முன்னும் பின்னும் தேடுவது. எந்த இரண்டு உணர்வுகள் என்று பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ‘இந்தத் திட்டத்தில் எனக்கு ஆர்வமும் இருக்கிறது, செலவை நினைத்தால் பயமும் இருக்கிறது’ என்று உடைத்தே எழுதிவிடுவேன். எதுவும் கிடைக்காதபோதுதான் ‘இருமனம்’.