மகன் டீயிஸ்ட் என்கிறான், நேர்ந்த காவடி என்ன ஆவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்ட வேலை செய்து மகனைப் படிக்க வைத்தேன். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தான். பிழைத்தால் பெரியவனானதும் தைப்பூசத்தில் காவடி எடுப்பான் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். இப்போது, "நான் டீயிஸ்ட், எடுக்க மாட்டேன்" என்கிறான். நாத்திகனாகிவிட்டானா? வற்புறுத்தலாமா?

பதில்: இல்லை சகோதரி, நாத்திகன் இல்லை. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதில் டீயிஸ்டுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் படைத்தவர் இயற்கைக்கு விதிகளை வகுத்துவிட்டார். மழை பெய்வதும் காய்ச்சல் வந்து தணிவதும் அந்த விதிப்படிதான், யாருக்காகவும் அவர் நடுவில் புகுந்து மாற்றுவதில்லை என்று அவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கடிகாரம் செய்தவர் அதற்குச் சாவி கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதை உவமையாகச் சொல்வார்கள். வேதம், அற்புதம் எதையும் சாட்சிக்கு அழைக்காமல், அறிவைக் கொண்டே கடவுளை அறியலாம் என்பது அவர்கள் வழி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வளர்ந்த சிந்தனை இது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர், ஆங்கிலத்தில் எழுதிய சிந்தனையாளர் தாமஸ் பெய்ன் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

நம் சித்தர்களும் சடங்கை மறுத்தவர்கள்தானே என்று தோன்றும். ஆனால் சித்தருக்கு ஈசன் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறான். டீயிஸ்டின் கடவுள் அவ்வளவு கிட்டத்தில் இல்லை.

சரி, காவடிக்கு வருவோம். உங்கள் மகன் மறுப்பது கடவுளை அல்ல, நேர்த்திக்கடனை. வேண்டுதலுக்காகக் கடவுள் காய்ச்சலை இறக்கினார் என்பதை அவன் மனம் ஏற்கவில்லை. காவடிக்கு விரதமும் ஒன்றிய மனமும் வேண்டும். அது இல்லாதவன் தோளில் ஏற்றுவது அவனுக்கும் நல்லதல்ல, காவடிக்கும் மரியாதை அல்ல. வற்புறுத்தாதீர்கள். நேர்ந்தது நீங்கள், கோயில் குருக்களிடம் கேட்டு, நீங்களே பால்குடம் எடுத்து அதை நிறைவேற்றலாம்.

அதற்காக அவனை வீட்டில் விட்டுப் போகவும் வேண்டாம். டீயிஸ்ட் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான, இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் பிரபு, 1624இல் ஐந்து அடிப்படைக் கருத்துகளை எழுதி வைத்தார். கடவுளை வணங்க வேண்டும் என்பதும், அந்த வணக்கத்தில் நல்லொழுக்கமே முக்கியம் என்பதும் அவற்றில் உண்டு. ஆகவே அன்னதானப் பந்தியில் பரிமாறக் கூப்பிடுங்கள். அதை மறுக்க அவன் கொள்கையில் காரணமில்லை.

அப்புறம் ஒன்று. அந்தக் காய்ச்சல் இரவில் நீங்கள் பட்ட பாட்டை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? வாதத்துக்காக இல்லை, அவனுக்குத் தெரியட்டும் என்று ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.