புதிய மென்பொருள் வந்தும் எங்கள் அலுவலகத்தில் வேலை வேகம் பெறவில்லை. பயிற்சி போதவில்லை என்கிறது நிர்வாகம். உண்மையான காரணத்தை எப்படிக் கண்டறிவது, மாற்றத்தை எங்கே தொடங்குவது?

பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதற்கு முன்பு, ஒரு வேலை முடிய யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை வரைந்து பாருங்கள். மனிதவளத் துறையில் பணிபுரியும் எனக்கு இதை அழுத்தமாக உணர்த்தியது, அகமதாபாத் காலிகோ துணி ஆலையில் 1953இல் நடந்த ஒரு சோதனை.

1952இல் அங்கே தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு உற்பத்தி உயரவில்லை. பணியிட மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் ஆராய்ந்தபோது, 224 தறிகளுக்கு நியமிக்கப்பட்ட 29 பேரும் 12 வகை வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நெசவாளர், ஊடை நூல் நிரப்புபவர், அறுந்த இழைகளைச் சீராக்குபவர் என ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணிக்கையிலான தறிகளைக் கவனித்ததால், ஒரு நெசவாளருக்கு உதவ வேண்டியவர் அதே நேரத்தில் வேறு பல நெசவாளர்களுக்கும் உதவ வேண்டியவராக இருந்தார். தறி நின்றால் அது யாருடைய பொறுப்பு என்பதற்குத் தெளிவான விடை இல்லை. அங்கே மனப்பான்மை குறித்த கேள்வித்தாளை மட்டும் கொடுத்திருந்தால், ஒருவர் மீது ஒருவர் சொல்லும் குறைகளே கிடைத்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழு முழுப்பொறுப்புடன் நடத்தலாம் என்ற யோசனை மேலாளர்கள், மேற்பார்வையாளர்கள், தொழிலாளர்கள் ஆகியோரிடம் விவாதத்துக்கு வந்தபோது, தொழிலாளர்களே அதை ஏற்றுத் தங்கள் குழுக்களை அமைத்துக்கொண்டனர். 64 தறிகளுக்கு ஏழு பேர் என்பது கணக்கு. தொடக்கத்தில் நிலைமை முன்னேறி, பிறகு சரிந்தது. அந்தச் சரிவைத் தோல்வி என்று கைவிடாமல் அதன் காரணங்களையும் ஆராய்ந்து திருத்திய பிறகே, செயல்திறன் சுமார் 80 விழுக்காட்டிலிருந்து 95க்கு உயர்ந்தது. சேதமான துணி 32 விழுக்காட்டிலிருந்து 20க்குக் குறைந்தது. மாற்றத் திட்டம் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடைக்காலச் சரிவுக்கு இடம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

1970இல் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் அதே ஆலையை மீண்டும் ஆராய்ந்தபோது, ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே நீடித்தது. மற்ற இடங்களில் வேலை பெருமளவு பழைய வழிக்கே திரும்பியிருந்தது. எனவே, பணிச்சுமையோ வேலையின் தன்மையோ மாறும்போது புதிய ஏற்பாட்டைப் பாதுகாப்பவர் யார் என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் அலுவலகத்தில், அண்மையில் தாமதமான சில கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மேசையில் எவ்வளவு நேரம், யாருடைய ஒப்புதலுக்காக நின்றது என்று அந்தந்த ஊழியரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்த படத்தை முதலில் அவர்களிடம் காட்டித் திருத்தம் பெற்று, பிறகு நிர்வாகத்திடம் கொண்டுசெல்லுங்கள். ஒரே பிரிவில் தொடங்குங்கள்; தொடங்குமுன் இப்போதைய தாமதத்தை அளந்து வையுங்கள். மென்பொருளை இயக்கத் தெரியாததால்தான் கோப்புகள் நிற்கின்றன என்று அந்தப் படம் காட்டினால், நிர்வாகம் சொல்லும் பயிற்சியைத் தயங்காமல் நடத்துங்கள்.