வாசகர் கேள்வி: கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் ஐவர் குழுவாகச் சேர்ந்து ஸ்பொன்சர் செய்த ஆப்கான் அகதிக் குடும்பம் ரொறன்ரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நாங்கள் கொடுக்கும் மாதப் பணத்தில் பெரிய தொலைக்காட்சி வாங்கிவிட்டார்கள். கணவரோ ஆங்கில வகுப்பை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகப்போவதாகச் சொல்கிறார். செலவுக்குக் கணக்குக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: இல்லை. வருமானம் வரத் தொடங்கினால் தெரிவிக்கும்படி நீங்கள் கேட்கலாம். அதற்கேற்ப உதவித்தொகை மாறவும் கூடும். ஆனால் கையில் கொடுத்த பணம் அவர்களுடையது. அதை எப்படிச் செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையோ, பிற்பாடு திருப்பிக் கேட்கும் உரிமையையோ அவர்களை ஆதரிப்பதாக நீங்கள் அரசுக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி உங்களுக்குத் தரவில்லை. அவர்கள் விமானத்திலிருந்து இறங்கிய நாளிலேயே நிரந்தரவாசிகள். நாளை வேறு நகரத்துக்குக் குடிபெயரவும் அவர்களுக்குச் சுதந்திரம் உண்டு. மொழி தெரியாத ஊரில், குளிர்காலம் முழுவதும் பிள்ளைகளோடு வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தொலைக்காட்சி ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை விஷயம் சற்றுச் சிக்கலானது. பயணச் செலவுக்காகக் கனடா அரசு கொடுத்த கடன் அவர்கள் தலையில் இருக்கக்கூடும். 2018 முதல் அதற்கு வட்டி இல்லையென்றாலும் வாங்கிய தொகையை அவர்களேதான் கட்டித் தீர்க்க வேண்டும். ஊரில் விட்டுவந்த பெற்றோருக்கும் பணம் அனுப்ப வேண்டியிருக்கலாம். எண்பதுகளில் இங்கு வந்த நம்மவர்களில் எத்தனை பேர் வகுப்பறையைப் பார்க்கும் முன் உணவகச் சமையலறையைப் பார்த்தார்கள் என்பதை தமிழர்கள் நிறைய வாழும் மார்க்கம் நகரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவரைத் தடுப்பதைவிட, மாலை நேரத்திலோ பகுதிநேரமாகவோ நடக்கும் லிங்க் (LINC) வகுப்பில், அதாவது புதிதாகக் குடியேறியவர்களுக்காக அரசு நிதியில் நடக்கும் ஆங்கில வகுப்பில், இடம் தேடிக் கொடுங்கள். குடியுரிமை பெறும் வரை அவர் அதில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

1979–80இல் கனடா ஏற்றுக்கொண்ட 60,000 இந்தோசீன (வியட்நாம், கம்போடியா, லாவோஸ்) அகதிகளில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவர்கள் உங்களைப் போன்ற பொதுமக்கள்தான். உங்கள் பொறுப்புக்கும் எல்லை உண்டு: 12 மாதங்கள், அல்லது குடும்பம் தன் காலில் நிற்கும் நாள், இவற்றில் எது முந்தியதோ அது. பத்தாவது மாதத்திலேயே அவர்களோடு உட்கார்ந்து, வாடகையை இனி யார், எந்த வருமானத்தில் கட்டுவது என்று பேசிவிடுங்கள். வருமானம் போதாதென்றால் ஒண்டாரியோ வேர்க்ஸ் எனும் மாகாண அரசின் சமூகநல உதவிக்கு விண்ணப்பிக்கும் வழியையும் அப்போதே காட்டுங்கள்.